கண்ணாடிப் பெட்டியில் நாலு மாஸ்க்

மத்தியானம் பன்னிரண்டரை மணி… சிரிக்காதீர்கள். பேய்க்கு நைட் ஷிப்ட் மட்டும்தான் என்று எந்த எச்.ஆர். உங்களுக்குச் சொன்னது? ஜெனரல் ஷிப்டிலும் வரும். கரண்ட் வருகிற வரைக்கும் கேளுங்கள். அந்தக் கொசுவத்தியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. வல்லம் வடகால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோடு. லாரி இல்லை, கம்பெனி பஸ் இல்லை, டீக்கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. தார் உருகுகிற வாசனை. அவ்வளவு நீள ரோட்டில் ஒரே ஒரு பைக். ஓட்டிப் போனவர் யாக்கோபு… நம் ரூம் ஜோயல் இன்றைக்கு ஷிப்டுக்குப் போயிருக்கிறானே, அவனுடைய அக்கா வீட்டுக்காரர்.

யாக்கோபு சூப்பர்வைசராக இருந்த கம்பெனி சின்னது. அமோனியா ஆலைகளுக்கு ஒரு மெஷின் செய்து விற்றார்கள். ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் சேர்த்துத்தான் அமோனியா. சேராத வாயு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றச் சுற்ற, உதவாத வாயுவும் அதில் மண்டும். அவ்வப்போது கொஞ்சம் வெளியே விட்டாக வேண்டும். விட்டால் நல்ல ஹைட்ரஜனும் கூடவே போய்விடும். இவர்கள் மெஷின் அதைப் பிரித்துத் திருப்பிக் கொடுக்கும். குழாய்க்குள்ளே தலைமுடி போல ஆயிரக்கணக்கான இழைகள். ஹைட்ரஜன் மட்டும் நுழைந்து போகும், மற்றது நின்றுவிடும். அரிசி மண்டிக்காரன் பாஷையில் சொன்னால், தவிட்டோடு போகிற அரிசியைப் புடைத்து எடுக்கிற முறம். ஒரே ஒரு தொல்லை… அமோனியா பட்டால் அந்த இழை கெட்டுவிடும். அதனால் வாயுவை முதலில் தண்ணீரில் கழுவ வேண்டும். ஒழுங்காகக் கழுவுகிறதா என்று பார்க்க, ஷெட்டிலேயே சிலிண்டர் வைத்து அமோனியாவைக் கலந்து விடுவார்கள்.

அங்கே ஃபிட்டர் இசக்கி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்.

ஷெட்டுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் வாயு மூக்கில் ஏறாமல் காக்கிற நாலு புது மாஸ்க், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். மெஷின் வாங்குகிற பார்ட்டி நேரில் பார்க்க வரப்போகிறான். "அவங்க பாக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. கை ரேகை படக்கூடாது" என்று யாக்கோபு பூட்டிவிட்டார். சாவி அவர் பேண்ட் பாக்கெட்டில்.

"மாஸ்க்க யாராவது பூட்டி வைப்பாவளா அண்ணாச்சி?" என்றான், இங்கே என் பக்கத்தில் இருக்கிற பேச்சிராஜ்.

"ஏன், உன் லைன்ல புது கிளவுஸ் எப்ப குடுப்பாங்க?" என்றேன்.

"ஆடிட் அன்னைக்குக் காலைல…"

"சாயங்காலம்?"

"திருப்பி வாங்கிருவாவ."

ஒரு நாள் டிரயல் ஓடும்போது வால்வு பிய்த்துக்கொண்டது. யாக்கோபு அப்போது கேண்டீனில் இருந்தார். வாசல் பக்கம் முழுக்க வாயு. இசக்கி ஓடியது பெட்டிக்கு. அடித்திருக்கிறார்… கையால், ஸ்பேனரால். கண்ணாடி என்று பெயர்தான், உடையாத பிளாஸ்டிக் தகடு அது. யாக்கோபே நாலு கடை ஏறிப் பேரம் பேசி வாங்கியது. நல்ல சரக்கு. உடையவில்லை.

இசக்கி உடம்பை வாங்க அவர் சம்சாரம் கனகலட்சுமி வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் யாக்கோபு சொன்னார்: "மாஸ்க் இருந்துச்சும்மா. அவர்தான் போடலை."

இரண்டு வாக்கியத்திலும் பொய் இல்லை. மட்டமான சரக்கை அப்படித்தான் விற்பார்கள்.

அவள் அழவில்லை. துணி போர்த்திக் கிடந்தவரைப் பார்த்துத் திட்டினாள். "ஒரு நாளாவது சொன்ன பேச்சக் கேட்டியளா? ஹெல்மெட்டப் போடுங்கன்னாலும் மாட்டிய. இப்பம் பிள்ளைய யாரு வளப்பா?" பிறகு யாக்கோபு பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கிடுங்க சார். உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டாவ."

யாக்கோபு என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லம்மா" என்றார்.

பரவாயில்லையாம்.

கம்பெனியை மூடினார்கள், விசாரித்தார்கள், திறந்தார்கள். பார்ட்டி மறுபடி வருகிறேன் என்றான். அதற்கு முன்னால் லைனில் கசிவு பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை யாக்கோபு போனார். கேட்டில் வாட்ச்மேன் அப்பாவு.

"இன்னா சார், தனியா வந்துகிறீங்க?"

"எவனும் வரமாட்டேன்றான் அப்பாவு."

"டபுள் ஓ.டி. குடுத்தாகூட வரமாட்டானுங்க சார். நானே பாத்ரூமுக்கு எதுத்த கம்பெனிக்குப் போய்க்கினு கீறேன்."

உள்ளே போனார். வெயிலில் தகரக் கூரை… டக்… டக்… என்றது. கழுவுகிற குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். லைனில் அன்றைக்குத் தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் இல்லை, நைட்ரஜனும் துளி அமோனியாவும்தான். கந்தகக் குச்சியைப் பற்றவைத்தார். அதன் புகை மெல்லிசாகப் போகும். அமோனியா கசிகிற இடத்தில் மட்டும் பால் மாதிரி வெளுக்கும். ஒவ்வொரு ஜாயின்டாகக் காட்டினார். வெளுக்கவில்லை. எல்லாம் சுத்தம்.

திரும்பினார்.

புகை வெளுத்தது.

அந்த இடத்தில் குழாயே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்… வெறும் காற்றில்… ஒரு ஆள் வாய் இருக்கிற உயரத்தில். வெளுத்தது. நின்றது. வெளுத்தது… நின்றது… மூச்சு விடுகிற மாதிரி.

அப்புறம் நெடி. மூக்கைக் குத்தி, கண்ணைப் பிடுங்குகிற நெடி. தொண்டை அடைத்தது. யாக்கோபு கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. பெட்டியைத் திறந்தார். சர்ரென்று உறையைக் கிழித்தார். மாஸ்க்கை முகத்தில் மாட்டினார்.

வாரை இழுத்து இறுக்கும்போதுதான் உறைத்தது, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று. பூட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை அது.

கழற்றிப் போட்டார். நெடி போயிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து கனகலட்சுமிக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க சார். சாப்ட்டாச்சா?"

சொன்னார். உறை பிரிக்காதது, பூட்டு, சாவி, கேண்டீன், எல்லாம். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. இன்னொரு விசில்.

"அப்பம் அவிய மேல தப்பு இல்லியா சார்?"

"இல்லம்மா."

"ஊரு பூரா சொல்லி வச்சிருக்கனே சார்… சொன்ன பேச்சு கேக்காமச் செத்தாவன்னு. பிள்ளகிட்டயும் அப்படித்தான சொல்லிட்டு இருக்கேன்."

யாக்கோபு திட்டுக்குக் காத்திருந்தார். நாலு வார்த்தை திட்டினால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருப்பார். அவள் திட்டவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக,

"சார்… பக்கத்துல இருமுதது அவியதான?"

யாக்கோபுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கூரை மட்டும்… டக்.

"போன அவியகிட்ட குடுங்க சார். அன்னைக்கு வஞ்சதுக்கு ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுக்கிடுதேன்."

காதிலிருந்து போனை எடுத்தார். எதிரே யாரும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல்… பெட்டிப் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டார்கள்.