தகடு மூடிய இறக்கை

கத்தாதீங்க தோழர்களே... கத்தாதீங்க. சங்கத்து மைக்கை நான் தூக்கிட்டுப் போயிட மாட்டேன். சின்னதா ஒரு கதை இருக்கு, சொல்லிட்டுத் தந்துடறேன்.

இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி. இதே கரூரு. தறி சாமான் பட்டறை வச்சிருந்த பொன்னுரங்கம், வெளிநாட்டுல இருந்து ஒரு விமானத்தைப் பெட்டி பெட்டியா வரவழைச்சார். பொம்மை இல்லீங்க... ரெண்டு பேர் ஏறிப் பறக்கிற விமானம்! பாகமெல்லாம் வந்துரும், வீட்டுல வச்சு நாமளே பூட்டிக்கணும். தகட்டைச் சேர்த்து ரிவெட் ஆணி அடிக்க யாரைக் கூப்பிட்டார்? பஸ் பாடி கட்டற நம்ம ஆளுங்களைத்தான். நான், காத்தவராயன், இன்னும் ரெண்டு பேர். பதினாலு மாசம், ஞாயித்துக்கிழமை தவறாம போனோம். அவர் சம்சாரம், அந்தம்மா, இலை போட்டுச் சோறு போடுவாங்க.

ஒருநாள் காத்தவராயன் இறக்கைச் சட்டத்துல ஓட்டை போட்டான். ட்ரில் வழுக்கிருச்சு... கோணல். என்ன பண்ணினான்? பஸ்ஸுல பண்றதையே பண்ணினான். பக்கத்துலயே இன்னொரு ஓட்டை. அதுவும் சரியில்லைன்னு அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு.

"டேய், இது பறக்கிறதுடா!"ன்னேன்.

"மேல தகடு மூடிட்டா உங்க பாட்டன் வந்தாலும் தெரியாது மாமா. கம்முனு இருங்க."

இருந்தேன். நாலு பேரும் இருந்தோம். ஒத்துமையாம்... ஒத்துமை!

சோதனை பண்ண அதிகாரி வந்தார். "உள்ள எல்லாம் சரியா?"

பொன்னுரங்கம் நெஞ்சுல கை வச்சார். "சார், இவங்க கட்டின பஸ்ஸு நாடு பூரா ஓடுது. இவங்க அடிச்ச இறக்கையை நம்பி நாளைக்கே என் சம்சாரத்தை ஏத்திட்டுப் பறப்பேன்."

அதிகாரி ஒரு தகட்டைக் கழட்டச் சொன்னார். டார்ச் அடிச்சார். "மேல போனா இறக்கை முறிஞ்சிரும்"னார்.

பொன்னுரங்கம் திட்டலீங்க. ஒரே கேள்விதான். "நாலு பேருக்கும் தெரியுமாப்பா?"

அவர் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அந்தம்மா வந்து, "இலை போட்டாச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னாங்க... இறங்குமாய்யா அந்தச் சோறு?

அந்த விமானம் கடைசி வரைக்கும் பறக்கல. பழைய இரும்புக் கடைக்குப் போச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்? நம்ம மூணாவது ஷெட்டுல பள்ளிக்கூடப் பஸ் நிக்குது. வெல்டிங் விட்டுப்போன தூணு மேல, விரிசல் தெரியாம அடைக்கிற பட்டியப் பூசி, மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருக்கு. தெரியாதவன் கை தூக்கு பார்ப்போம்!... தூக்க மாட்டீங்க. பொன்னுரங்கத்துக்காவது ஒரு அதிகாரி வந்து பிரிச்சுப் பார்த்தார். இதை எவன் வந்து பிரிப்பான்? அதைப் பூசின வேலையாளைக் காப்பாத்தணும்னு கூட்டம் போட்டிருக்கீங்க. அம்பது பிள்ளைங்களை எந்தச் சங்கம் காப்பாத்தும்?

நான் இப்பவே போறேன், அந்தப் பட்டியச் சுரண்ட. தடுக்கிறவன், அவன் பிள்ளைய அந்த வண்டியில உக்கார வச்சிட்டு வந்து தடுக்கட்டும்.