ஒட்டிய விலா

உங்கள் நிலையத்துத் தேநீர் மோசம், ஐயா. அதற்காக யாரையும் கைது செய்ய முடியாது என்பதால் குடித்துவிடுகிறேன்.

அத்-பாஷி சந்தையில் குதிரை இறைச்சி விற்கிறவன் நான். மேடையேறித் திருட்டை ஒழிப்போம் என்று முழங்குகிற நம் ஊர்த்தலைவர், மகன் கல்யாணத்துக்கு என்னிடம்தான் வாங்கினார். எந்த மந்தைக் குதிரை என்று கேட்கவில்லை. கொழுப்பு போதுமா என்று மட்டும் கேட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் நேர்மைக்குப் பஞ்சமில்லை. விலை குறையும்போது மட்டும் அது கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும்.

சட்டம் எனக்கும் தெரியும். திருடுவதற்கு முன்பே பேசிவைத்து வாங்கினால் கூட்டாளி. திருடிய பிறகு வாங்கினால் வெறும் வியாபாரி, தண்டனை குறைவு. நான் எதையும் பேசிவைக்கவில்லை. ஜோல்டோஷும் அவன் தம்பியும் கடைக்கு வந்தபோது, நல்ல கொழுத்த குதிரை தேவைப்படுகிறது என்றேன். கசிம்பை மகன் தாலாயின் செங்குதிரை கொழுத்திருக்கிறது என்றேன். அவன் மேய்ச்சலில் தனியாக இருக்கிறான், நாய் கூட இல்லை என்றேன். ஊர் நடப்பைப் பேசினேன், அவ்வளவுதான்.

மறுநாள் பொழுது சாயும்போது குதிரையோடு வந்தார்கள். சேணத்தில் ரத்தம் இருந்தது. கழுவச் சொன்னேன். அந்தக் குதிரை பந்தயத்தில் ஜெயித்தது; பள்ளத்தாக்கே அறியும். ஆகவே அன்றே அறுத்து, சூட்டுக்குறி இருந்த தோலையும் காதில் அறுப்புக்குறி இருந்த தலையையும் புதைத்தேன்.

அடுத்த நாள் தாலாயை ஆற்றோரத்தில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். அவன் அப்பா கசிம்பை என் கடைக்கு வந்தார்.

"தம்பி, புள்ளைய அடக்கம் பண்ணணும். குதிரை அறுக்காம அனுப்ப முடியாது. வீட்ல இருந்த ஒரே குதிரையும் அவனோட போயிருச்சு."

"உயிரோட ஓட்டிட்டுப் போயி யாரு பெரியவரே அறுக்கிறது? துக்க வீட்ல கத்தி பிடிக்க ஆளு ஏது? வெட்டின கறியாவே தர்றேன். பாதி விலை போதும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது என்றால் நம்பமாட்டீர்கள்.

அடக்கத்தன்று என்னைக் கூடாரத்தில் தலைவாசலுக்கு எதிரே, மதிப்புள்ள இடத்தில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஊர்த்தலைவர் உயரமான கல்பாக் தொப்பியோடு, இறந்தவனின் வீரத்தை வர்ணித்தபடி கொழுப்பு விழுங்கினார். தட்டு வந்தது. மதிப்புள்ள விருந்தாளி என்று எனக்கு இரட்டை விலா. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: எலும்பில் சதையை மிச்சம் வைப்பவன் வளர்ப்பு சரியில்லாதவன். என் வளர்ப்பில் குறையில்லை. கத்தியால் சுரண்டி, கண்ணாடி போலச் சுத்தமாக வைத்தேன்.

கை கழுவத் தண்ணீர் ஊற்ற, கெண்டியோடு கசிம்பையே வந்தார். ஊற்றவில்லை. எலும்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பெரியவரே, தண்ணி காஞ்சு போச்சா?" என்று கேட்டார் ஊர்த்தலைவர்.

"ரெண்டு விலாவும் ஒட்டியிருக்கு," என்றார் கிழவர். "குட்டியா இருந்தப்ப பொலிகுதிரை உதைச்சு உடைஞ்சது. என் கம்பளியைக் கிழிச்சு நான்தான் கட்டுப் போட்டேன். கோணலாச் சேர்ந்து ஒண்ணாயிருச்சு." பிறகு என்னிடம் குனிந்தார். "தம்பி, என் புள்ளை உடனே செத்தானா?"

கொஞ்சம் அரைகுறையாகத் தின்றிருந்தால் இந்தத் தேநீரைக் குடிக்க நேர்ந்திருக்காது. நல்ல பழக்கங்கள் மனிதனை எங்கே கொண்டுவந்து விடுகின்றன பாருங்கள்.

அவர் வெளியே பெஞ்சில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் குதிரை வேண்டாம், பணம் வேண்டாம், அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் வேண்டும். நீங்களும் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். நேராகக் கேட்டிருக்கலாம்.

இல்லை. உடனே சாகவில்லை. கடிவாளத்தை என் கையில் கொடுக்கும்போதே ஜோல்டோஷ் சொன்னான்: "அண்ணே, ஆத்தோரமா கிடக்கான். முனகுறான். உங்க ஜீப்புல போனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம்." திருடர்கள் பொதுவாகக் கோழைகள்.

ஜீப்பில் பெட்ரோல் இருந்தது. நான் நிதானமாக யோசித்தேன். பிழைத்தவன் குதிரையைத் தேடி என் கடைக்கு வருவான். செத்தவனுக்காகவும் கடைக்கு வருவார்கள், ஆனால் வாங்குவதற்கு. "கத்தியை எடு, குதிரையை அறுக்கணும்," என்றேன்.

கிழவரிடம் மட்டும், உடனே போய்விட்டான் என்று சொல்லிவிடுங்கள். துக்கத்தில் இருப்பவர், மனசு தாங்காது. எனக்கு அப்படிப்பட்ட விஷயங்கள் புரியும். மற்றபடி, திருட்டுக் குதிரை வாங்கினேன், விற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பையனை நான் விரலால் கூடத் தொடவில்லை.