மூன்று பேராகப் பெண் கேட்கப் போனோம்

அவைத் தலைவர் அவர்களே, அருகமர்ந்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்திருக்கும் அன்னையர்களே, அழகுறக் கொலுவிருக்கும் மணமக்களே, வணக்கம்!

வாழ்த்துரைக்குத் தலைவர் தந்தது மூன்று நிமிடம். ஆகவே மூன்றைப் பற்றியே பேசுகிறேன்.

மூன்று என்ன எளிய எண்ணா? இரண்டே நேர்கோடுகளால் ஓர் இடத்தை அடைக்க முடியுமா? மூன்றாவது வரவேண்டும்! இரண்டு கல்லில் உலை ஏறுமா? மூன்றாவது வரவேண்டும்! மேடுபள்ளத்தில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடுமா? அங்கே ஒருவர் "முத்தமிழ்" என்கிறார். வருகிறேன் ஐயா, முதலில் முக்காலி!

இத்தனை பெருமையுள்ள மூன்றை நாம் எங்கே நிறுத்தியிருக்கிறோம்? வாசலில்! நல்ல காரியத்துக்கு மூவராகப் போகக்கூடாதாம். போயே தீரவேண்டுமென்றால் ஒரு கல்லை மடியில் முடிந்துகொண்டு, அதை நான்காவது ஆளாகச் சேர்த்துக்கொள்கிறோம்!

சென்ற சித்திரையில் சிராங்கூன் சாலையிலிருந்து காத்தோங்குக்குப் பெண் கேட்கப் புறப்பட்டோம். மாப்பிள்ளை சேதுபதி, அவருடைய தாய்மாமன் தங்கராஜு, நான். உடன் வரவேண்டிய பரமசிவத்துக்குக் காய்ச்சல். சேதுபதிக்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பெண்ணின் தந்தை இராமசாமியோ, அன்றே முடிவு தெரியாவிட்டால் பினாங்கு மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

மாமா டாக்சியில் ஏற மறுத்தார். "மூணு பேரா போனா விளங்குமாடா? ஒரு கல்லு பாரு."

தார்ச்சாலையில் கல்லுக்கு எங்கே போவது?

"அதான் டிரைவர் இருக்காருல்ல மாமா, அவரோட நாலு" என்றார் சேதுபதி.

ஓட்டுநர் ஆ செங் என்ற சீனர். பலகாரம் உண்டென்று சொல்லி அவரையும் வீட்டுக்குள் அழைத்துப் போனோம். தட்டு மடியில், மலர்ச்சி முகத்தில்! மாமா சும்மா இருந்தாரா? அவர் தோளைத் தட்டி, "உன்னால்தான் நாங்கள் நால்வரானோம்" என்று மலாயில் நன்றி சொன்னார்.

நாலா! சீன மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலியல்லவா? ஆ செங் துள்ளி எழுந்தார். "எம்பாட்? தா மாவ்!" நாலா, வேண்டவே வேண்டாமாம்! அவர் வாசலுக்கு ஓட, மாமா அவர் கையைப் பிடித்துத் தொங்க, "இந்தாளு போயிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்!" என்ற மாமாவின் குரலில் வீடு அதிர்ந்தது.

இராமசாமி எழுந்துவிட்டார். "அப்போ பினாங்குக்குத் தந்தி அடிச்சிடவா?"

சேதுபதி முகத்தில் ஈயாடவில்லை.

காப்பித் தட்டோடு நின்ற மணப்பெண் மங்களம்தான் பேசினார். "மாமா, அவர விடுங்க லா. மூணு ஆகாதுன்னா தாலிக்கு எதுக்கு மூணு முடிச்சு? நாலாவது முடிச்ச யாரு போடுறது, இந்த டாக்சிக்காரரா?"

மாமாவின் பிடி தளர்ந்தது. ஆ செங் தப்பினார். மூவராகவே அமர்ந்து தாம்பூலம் மாற்றினோம்!

இன்று காலை கெட்டிமேளம் முழங்க முதல் முடிச்சு விழுந்தது, இரண்டாவது விழுந்தது, மூன்றாவது விழும்போது மாமாவைப் பார்த்தேன். மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்! மாமா, கண்ணைத் திறங்கள்! காரியம் விளங்கிவிட்டது!

அஞ்சிய எண்ணை அணிகலனாக்கிய மங்களமும் சேதுபதியும் நீடு வாழ்க! பசியோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பந்தி காத்திருக்கிறது, வணக்கம்!