மூன்று படி தவிடும் சிங்கப்பூர் பாலிசியும்

11.05.2005 புதன்கிழமை பகல் 11.30 மணிக்கு, ஆரணி டவுன் காவல் நிலையத்தில், மனு விசாரணையின் பொருட்டு ஏட்டு மணவாளன் எழுதிக்கொள்ள, முனியம்மாள் சொன்ன வாக்குமூலம்:

என் பெயர் முனியம்மாள். வயது 49. கணவர் இராஜமாணிக்கம் காலமாகிவிட்டார். ஆரணி கொசப்பாளையத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். இரண்டு கறவை மாடு வைத்து பத்தொன்பது வீட்டுக்குப் பால் ஊற்றுகிறேன். படிப்பு இல்லை. பிள்ளைகள் இல்லை. இந்தக் கடைசி விவரத்தை எழுதும்போது ஏட்டு, "இல்லைன்னு எழுதறதா, ஒண்ணுன்னு எழுதறதா? அதுக்குத்தானே உன்னை இட்டுகினு வந்துகிறோம்" என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றே எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

எனக்கு எதிர்வீட்டில் ஸ்வர்ணலதா குடியிருக்கிறார். அவருடைய கணவர் சிவகுமார் பட்டுத்தறி நெய்துகொண்டிருந்தவர், 2002ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு புடவைக் கடைக்கு விற்பனையாளராகப் போனவர் இன்றுவரை ஊருக்கு வரவில்லை. அவர்களுக்கு ஒரே மகன், 1998 தை மாதம் பிறந்தான். அவர்கள் வைத்த பெயர் வேணுகோபால். அவனுக்குப் பத்தாம் மாதத்திலிருந்து மூச்சிழுப்பு வரத் தொடங்கியது. 1999 கார்த்திகையில் வேலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அங்கே கொடுத்த ஃபைல் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மறுபடியும் இழுத்தது.

அதன் பிறகு, தேசூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடும்படி ஸ்வர்ணலதாவிடம் சொன்னார். நோய் விடாத பிள்ளையைப் பெற்றவள் இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், வாங்கியவள் வேறு பெயர் வைத்துவிடுவாள், பழைய பெயரைத் தேடிக்கொண்டு வரும் நோய் ஆளைக் காணாமல் திரும்பிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன் பிறகு ஸ்வர்ணலதா என்னிடம் வந்தார். தெருவில் இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "உங்க வீட்லதான் யக்கா தவிடு இருக்குது" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு, நான் அவர் வாசலில் நின்று பிள்ளை விலைக்கு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். விலை கேட்டேன். மூன்று படி தவிடு என்றார். பேரம் பேசவில்லை. நான் தவிட்டை அளந்து கொடுத்து, பிள்ளையை முறத்தில் வாங்கிக்கொண்டு போய் என் மாட்டுக்கொட்டகையில் வைத்து, என் பிறந்த வீட்டுச் சாமியின் பெயரான வேடியப்பன் என்பதை அவனுக்கு வைத்தேன். பிள்ளை கன்றுக்குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அதைப் பிரித்தெடுக்கச் சற்று நேரம் ஆனது. அதன் பிறகு, "இவன் எம் புள்ள. நீ வளத்துக் குடு" என்று சொல்லி அவனை ஸ்வர்ணலதாவிடம் ஒப்படைத்தேன். அவர் வீட்டில் மாடு இல்லாததால் அன்று மாலையே தவிட்டைக் கொண்டுவந்து என் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டார். மேற்படி தவிட்டை ஆஜர்படுத்த முடியுமா என்று உதவி ஆய்வாளர் அய்யா கேட்டார். மேற்சொன்ன காரணத்தால் முடியாது.

அதன் பிறகு பிள்ளைக்கு இழுப்பு குறைந்துபோனது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்பிரேயையும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அவன் பெயர் வேடியப்பன். சென்ற தை மாதம் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்து, ஸ்வர்ணலதா வீட்டில் என் மாட்டுப் பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனவர் இதே ஏட்டு மணவாளன். இது இங்கே வேண்டாம் என்று ஏட்டு சொன்னார். வேண்டும் என்று நான் சொன்னேன்.

இந்தக் கோடை விடுமுறைக்கு ஸ்வர்ணலதாவும் பிள்ளையும் சிங்கப்பூர் போவதாக ஏற்பாடாகி, வருகிற 14ஆம் தேதி சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுக்கப்பட்டது. சிவகுமாரின் கடையில் வேலை செய்யும் இன்னொருவரின் குழந்தை அங்கே போன இடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அவர்கள் ரொம்பவும் அவதிப்பட்டார்களாம். அதனால் சிவகுமார் போனில், "இழுப்புன்னு எழுதின பாலிசி கையில இல்லாம புள்ளய பிளேன் ஏத்தாத. மீறி ஏத்தினா நான் ஏர்போர்ட்டுக்கே வரமாட்டேன்" என்று சொன்னதை ஸ்வர்ணலதா என்னிடம் சொன்னார்.

3ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அருள்தாஸ் ஃபாரத்தோடு ஸ்வர்ணலதா வீட்டுக்கு வந்தார். அப்போது நான் அங்கே பால் அளந்துகொண்டிருந்தேன். பையனுக்கு முன்னால் ஏதாவது வியாதி இருந்ததா என்று அவர் கேட்டார். ஸ்வர்ணலதா, "வேடியப்பனுக்கு ஒண்ணும் இல்லீங்க. இழுப்பெல்லாம் வேணுகோபாலுக்குத்தான். அவன்தான் இப்ப இல்லியே" என்றார். அருள்தாஸ் தலையைக் குனிந்துகொண்டு, வியாதி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். "அழாதீங்கம்மா, இவனாச்சும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காப்பியும் வேண்டாமென்று எழுந்து போனார். ஸ்வர்ணலதா அழவில்லை. அதன் பிறகு, கணவர் சொன்னது ஞாபகம் வந்து, வேலூர் ஆஸ்பத்திரி ஃபைலை அப்படியே எடுத்துப்போய் அந்த ஃபாரத்தோடு சேர்க்கும்படி ஏஜெண்ட் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஃபாரம் ஒரு பெயரிலும் ஃபைல் ஒரு பெயரிலும் இருந்ததால், நேற்று காலை கம்பெனியிலிருந்து லீலா என்ற அதிகாரி வேலூர் பஸ்ஸில் வந்து ஸ்வர்ணலதாவை விசாரித்தார். நான் எதிரே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"இந்த வேணுகோபால் யாரு?"

"எம் புள்ளைங்க மேடம்."

"இப்ப எங்க இருக்கான்?"

"வித்துட்டேங்க."

மேற்படி அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"யாருக்கு?"

"தோ, அந்த யக்காவுக்கு." நான் கொட்டகையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினேன்.

"எவ்வளவுக்கு வித்தீங்க?"

"மூணு படி தவிடுங்க."

"அப்ப இங்க நிக்கிற பையன் யாரு?"

"அவங்க புள்ளைங்க. நான் சும்மா வளக்கறேன்."

அந்த அம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி முழுவதையும் குடித்தார். அதன் பிறகு தெருமுனை வரைக்கும் நடந்துபோய் காவல் நிலையத்துக்கு போன் செய்து, அப்படியே இங்கே வந்து மனுவும் கொடுத்துவிட்டுப் போனாராம். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கேள்வியை வரிசையாகத்தான் கேட்டார். ஸ்வர்ணலதாவும் பொய் எதுவும் சொல்லவில்லை.

இன்று காலை காவலர் ஒருவர் வந்து ஜல்தியாகக் கிளம்பச் சொன்னதால் நான் பால் குவளையோடு நிலையத்துக்கு வந்தேன். ஸ்வர்ணலதாவையும் பையனையும் கூடவே அழைத்து வந்தார்கள், லீலா அம்மாளும் இங்கே வந்திருந்தார். பால் வரவில்லையே என்று நான்கு வீட்டுக்காரர்கள் தேடிக்கொண்டு இங்கேயே வந்து வாங்கிப் போனார்கள். உதவி ஆய்வாளர் அய்யா, "இன்னாம்மா, ஸ்டேஷனா பால் பூத்தா?" என்று கோபித்துக்கொண்டார். அதன் பிறகு பையனைக் கூப்பிட்டு அவன் பெயரைக் கேட்டார்.

"எந்தப் பேர் வேணும் சார்?" என்றான் பையன்.

"எத்தினி வச்சிருக்க?"

"ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, ஸ்கூலுக்கு ஒண்ணு."

"உங்க அம்மா யாரு?"

"இது லதாம்மா, இது தவிட்டம்மா" என்று இருவரையும் காட்டினான். அய்யா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது.

நடந்தது என்ன என்பதை நான் முதலிலிருந்து சொன்னேன். விற்றது கடத்தல் அல்ல என்று விளங்கியதும் லீலா அம்மாள் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் இருவரும் ஒரே பிள்ளை என்றால் ஃபாரத்தில் 'இல்லை' என்று எழுதியது பொய் என்றும், அதைத் திருத்தியாக வேண்டும் என்றும் சொன்னார். "இழுப்புன்னு எழுதினா, உயிருக்கு ஆபத்துன்னு வந்தா மட்டும் அதுக்குப் பணம் வரும். எழுதாம மறைச்சா, அங்க போய் கால் ஒடிஞ்சாக்கூட ஒரு பைசா வராது" என்று விளக்கினார்.

ஸ்வர்ணலதா பேனாவைத் தொடவில்லை. "அஞ்சு வருஷமா அந்த நோவு பழைய பேரைத் தேடிகினு கீது. நானே வேடியப்பன்னு அட்ரஸ் எழுதிக் குடுக்கட்டுமா மேடம்?" என்றார். அப்படியானால் பாலிசி கிடையாது, நாளை மதியத்துக்குள் திருத்திய ஃபாரம் வேலூருக்கு வந்தாக வேண்டும் என்று லீலா அம்மாள் சொன்னார். பையன், "அப்ப அப்பா கிட்ட போறமா, போகலயா?" என்று கேட்டான். ஏட்டு அவனுக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு நான் பேசினேன். பிள்ளையை வாங்கும்போது இழுப்பைத் தனியே பிரித்து வைத்துவிட்டு வாங்கவில்லை, இரண்டையும் சேர்த்துத்தான் வாங்கினேன் என்று சொன்னேன். அந்த வருஷத்திலிருந்து மார்கழி வந்தால் எனக்குப் பொங்கல் வரைக்கும் இருமல் இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே அந்த நோய் என்னிடம்தான் இருக்கிறது, அது எங்கேயும் தேடிப் போகாது, அதைப் பற்றி நானே என் வாயால் சொல்கிறேன், பெற்றவள் சொல்ல வேண்டாம் என்றேன்.

அப்போது ஏட்டு, "இதுக்கு ஏன் பேஜார் பண்ணிக்கிறீங்க? வேடியப்பன் என்கிற வேணுகோபால்னு போட்டா முடிஞ்சிது. செய்யாறுல ஒருத்தன் நாலு பேரு வச்சிகினு சுத்தறான், அவனுக்கே ஒரு வரியில எழுதறோம்" என்றார். நான் சொல்வதை நிலையத்தில் வாக்குமூலமாகப் பதிந்து நகல் ஒன்று கொடுத்தால், அதைப் பின்னால் இணைத்து, ஃபாரத்தில் 'இணைப்பில் கண்டபடி' என்று மட்டும் எழுதி ஸ்வர்ணலதா கையெழுத்துப் போட்டால் போதும் என்று லீலா அம்மாள் ஒப்புக்கொண்டார்.

ஸ்வர்ணலதா என் பக்கம் திரும்பி, "உனுக்கு ஒண்ணும் ஆவாதா யக்கா?" என்று கேட்டார்.

"ஆனா ஆவட்டும். நான் எங்கடி போகப் போறேன், எனக்கு இன்னாத்துக்கு பாலிசி?" என்றேன். அதன் பிறகு அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆகவே நான் சொல்வது: வேடியப்பன் என்கிற வேணுகோபால் ஒரே பிள்ளை. அவனுக்குப் பத்தாம் மாதத்திலிருந்து இழுப்பு உண்டு. கடைசியாக வந்தது சென்ற ஐப்பசியில், இரண்டு நாள். தினமும் ஸ்பிரே அடித்துக்கொள்கிறான். அவனைப் பெற்றவர் ஸ்வர்ணலதா. அவன் மேல் உரிமை கொண்டாடுகிறாயா என்று அய்யா கேட்டார். உரிமை எதுவும் இல்லை. அவனை ஏன் திருப்பி விற்கவில்லை என்றும் கேட்டார். திருப்பிக் கொடுத்தால் பெயரும் பழையது ஆகிவிடும் என்பதால் விற்கவில்லை. சனிக்கிழமை அவன் விமானம் ஏறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எழுதியதை ஏட்டு முழுவதும் படித்துக் காட்டினார். ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். மூன்று படி தவிடு என்று மொட்டையாக எழுதியிருக்கிறது. அதைக் கேட்ட எல்லோரும் இவ்வளவுதானா என்று சிரித்தார்கள். நான் தலைதட்டி அளக்கவில்லை. மூன்று படியையும் குவித்துத்தான் அளந்தேன், கீழே சிந்தியதையும் கூட்டி அள்ளிப் போட்டேன். இதை ஓரத்தில் எழுதச் சொன்னேன், எழுதினார். மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி நான் சொன்னதுதான். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(முனியம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை)

என் முன்பாக: மணவாளன், தலைமைக் காவலர்.
ஓரத்தில் எழுதிய திருத்தம் ஒன்று: குவித்து அளந்தது.