அவசரத்துக்கு வைத்த துவக்கு

போத்தல் தண்ணீர் கெட்டுப்போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. இடைக்கிடை எடுத்துப் பூக்கன்றுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். ரொறொன்ரோவில், மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற் அலுமாரியில் தண்ணீர், தகரத்தில் அடைத்த கடலை, மெழுகுதிரி, பற்றரி றேடியோ, பாஸ்போட்டுகள் போட்ட பை எல்லாம் ஒழுங்காக இருந்தன. நகரசபை வீடு வீடாகப் போட்ட துண்டுப் பிரசுரத்தில் சொன்னவைதான். புயல் வரலாம், கரன்ற் நிற்கலாம், ஒவ்வொரு குடும்பமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயத்தமாக இருப்பது எப்படி என்று யாழ்ப்பாணத்தானுக்கே வகுப்பு எடுக்கிறார்கள்.

அந்தப் பிரசுரத்தில் இல்லாத ஒன்றை மட்டும் நான் சேர்த்தேன். நீங்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், சொல்கிறேன். மொழிபெயர்க்கிற பிள்ளை, நான் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தியே பேசுகிறேன். ஒன்றையும் விட்டுவிடாமல் பொலிஸ் அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

துவக்கை முறைப்படிதான் வாங்கினேன். வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டார்கள். மான் வேட்டைக்கு என்றேன். மச்சம் மாமிசம் வாயில் வைக்காத மனிதன் நான். என் மனைவி கமலாம்பிகை அதைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தாள். உண்மையான காரணத்தைச் சொன்னால் லைசென்ஸ் தரமாட்டார்கள். ஊரில் ஒருநாள் ஆமிக்காரர் வந்து எங்கள் கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன். என் தம்பி குலசிங்கத்தை விசாரித்துவிட்டு விடுவதாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் இன்னும் வரவில்லை. அன்றைக்கு என் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்பதை நான் மறக்கவேயில்லை.

அமிர்தநாதருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. எங்கள் தெருவில்தான் இருந்தார். எனக்கு இந்த நாட்டில் முதல் வேலை எடுத்துத் தந்தவரும், கார் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான். தம்பி போன இடத்தில் அவரைத்தான் வைத்திருந்தேன். அலுமாரியைத் திறந்து காட்டியபோது முகத்தைச் சுளித்தார்.

"அண்ணை, தண்ணி சரி, மெழுகுதிரி சரி. உது என்னத்துக்கு? இஞ்சை ஆர் வரப்போறான்?"

"வந்தாப் பிறகு கடைக்குப் போய் வாங்கேலுமே?"

"உங்கடை கதவைத் தட்டுறது நாங்கள்தானே அண்ணை. வேறை ஆர் வருகினம்?"

அவர் சொன்னது சரிதான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

என் மூத்த மகள் சுகிர்தா வன்னியில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். நாங்கள் கனடா வந்தபோது அவளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. கல்யாணம் கட்டிய பிள்ளையை விசாவில் சேர்க்க முடியாது என்றார்கள், விட்டுவிட்டு வந்தோம். சண்டை இறுகியபோது எப்போதாவது யாருடையதோ போனில் பேசுவாள். கடைசியாகச் சித்திரை மாதம் பேசினாள். "அப்பா, குடிக்கத் தண்ணிதான் இல்லை. மற்றும்படி சுகமா இருக்கிறம்," என்றாள். போனை வைத்துவிட்டு பேஸ்மென்றுக்கு இறங்கி, அடுக்கியிருந்த போத்தல்களைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்த மே மாதம் சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் முழுக்க ரோட்டில் நின்றது. நானும் நின்றேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் சண்டை முடிந்தது என்று செய்தி வந்த நாள் இங்கே விக்ரோறியா நாள் விடுமுறை. எங்கள் தெருப் பிள்ளைகள் பகலிலேயே பட்டாசு கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். கமலாம்பிகை சாப்பிடவில்லை. போனுக்குப் பக்கத்தில் இருப்பதும், எழும்பிக் குசினிக்குப் போவதுமாக இருந்தாள்.

அதிகாரிக்கு இதை விளங்கப்படுத்துங்கள், பிள்ளை. எங்கள் ஆட்கள் செத்த செய்தியை போனில் சொல்வதில்லை. நெருங்கியவர்கள் நேரே வந்து, இருக்கவைத்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ரொறொன்ரோவில் போன் எடுக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அப்படி இரண்டு குடும்பம் சேர்ந்து வந்து நின்றால் என்ன விஷயம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பின்னேரம் மேல் ஜன்னலால் பார்த்தேன். அமிர்தநாதரின் கார் எங்கள் வாசலுக்கு வராமல் தள்ளி நின்றது. கமலாம்பிகையின் தமையன் அருள்நாயகம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்களின் மனைவிமார் காருக்குள்ளேயே இருந்தார்கள், ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். அமிர்தநாதர் மட்டும் படியேறி வந்தார். வழக்கமாகத் தெருவிலிருந்தே தேத்தண்ணி கேட்டுக்கொண்டு வருகிற மனிதன் வாய் திறக்கவில்லை. மணியையும் அடிக்காமல் கதவுக்கு முன்னால் நின்று முகத்தைத் துடைத்தார்.

நான் பேஸ்மென்றுக்கு இறங்கினேன். அலுமாரிக்கு ஒரு பூட்டு, துவக்குக்கு ஒரு பூட்டு. ரவைகள் வேறு பெட்டியில், அதற்கும் பூட்டு. சட்டம் அப்படித்தான் வைக்கச் சொல்கிறது, நான் அப்படித்தான் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் திறந்து ரவையைப் போட்டு மேலே வரும்வரைக்கும் மணி அடிக்கவில்லை. அவருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

எனக்காகப் பேசுகிற லோயர் நல்ல மனிதர். பட்டாசுச் சத்தத்தில் பயந்துவிட்டேன், ஆமிக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்தேன் என்று சொல்லலாம் என்கிறார். எனக்கு அது வேண்டாம். எது பட்டாசு, எது வெடி என்று தெரியாத ஆளா நான்? அன்றைக்கு எனக்கு மூளை தெளிவாக இருந்தது. அந்தச் செய்தி வீட்டுக்குள் வரக் கூடாது, அவ்வளவுதான் யோசித்தேன். ஒரு குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய அவசரம் என்ன இருக்கிறது?

கதவைத் திறந்தேன்.

"அண்ணை, உள்ளுக்கை போய் இருந்து கதைப்பம்," என்றார்.

"என்ன எண்டாலும் சொல்லாதையும்," என்றேன்.

துவக்கைப் பார்த்தார். பயப்படவில்லை. என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டி அழத் தொடங்கினார்.

"அண்ணை, எங்கடை பிள்ளை…"

அந்த இடத்தில் சுட்டேன். அமிர்தநாதர் என்று தெரிந்துதான், நெஞ்சைப் பார்த்துத்தான் சுட்டேன். அவர் படியில் விழுந்தார். அருள்நாயகம் ஓடிவந்து அவரைத் தூக்கப் பார்த்துக் குழறி அழுதார். குசினியிலிருந்து வந்த கமலாம்பிகை, "என்ன செய்துபோட்டியளப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு நல்லதுதான் செய்தேன் என்று அவளுக்கு விளங்க நாள் எடுக்கும்.

அவர் தொடங்கிய வசனம் எப்படியும் முடிந்திருக்கலாம். பிள்ளை முகாமுக்கு வந்துவிட்டாள் என்றும் முடிந்திருக்கலாம். சொல்லி முடிக்காத ஒன்றை வைத்து ஒரு பிள்ளையைச் செத்துவிட்டாள் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? சுகிர்தா எங்கேயோ ஒரு கூடாரத்தில் எங்கள் போன் நம்பரை நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அதிகாரி ஏதோ சொன்னார். அதில் அவளுடைய பெயர் கேட்டது. அதற்கு நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள், பிள்ளை? அதை மட்டும் தமிழில் சொல்ல வேண்டாம். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது.