மஞ்சள் தண்ணி வந்த வழி

இல்லை ஐயா, கதிரை வேண்டாம், நிக்கிறன். தேத்தண்ணியும் வேண்டாம். லாபிருக்குச் சொந்தமோ? இல்லை. அவர் உங்கட பொலிஸ் கூட்டுக்க இருக்கிறது தெரியும். அவற்ற மனுசி சரீபா வாசலில நிண்டு அழுறா, கண்டுகொண்டுதான் வாறன். நான் அந்த அணைக்கட்டைப் பற்றிக் கதைக்க வந்தனான்.

அதைக் குளமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? குளமெண்டால் வயலுக்குத் தண்ணி குடுக்கவேணும். இது கனடாவில இருக்கிற தயாபரன் தன்ர காணிக்குள்ள ஓடையை மறிச்சு, டோசரால மண்ணைத் தள்ளிக் குவிச்ச கட்டு. சனம் வந்து அன்னப் படகு ஓடி, குளிச்சு, படமெடுத்துப் போறதுக்கு. மண்ணை ஒழுங்கா இறுக்கினவையோ எண்டு கேட்டால், டோசர் ஏறி இறங்கினதுதான் இறுக்கம். ஊர்க் குளமெண்டால் ஆரும் வந்து பாப்பினம். இது தனியார் காணி, ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. நான் அங்க கூட்டித் துடைக்கிறனான், கமலாட்சி எண்டு கேட்டால் எல்லாருக்கும் தெரியும். என்ர மகள் விமலேஸ்வரியின்ர வீடு கட்டுக்கு நேர கீழ. குசினிக் கதவைத் திறந்தால் கட்டின்ர அடிதான் முகத்தில முட்டும்.

புத்துக்குத்தான் வாறன் ஐயா, பொறுங்கோ.

ஒரு மாரிக்குப் பிறகு கட்டுக்கு மேல கறையான் புத்தொண்டு எழும்பிச்சுது. அதுக்குள்ள நாகம் போறதை நான்தான் முதல் கண்டனான். விமலாவுக்கு அப்ப பிள்ளை இல்லை, நாங்கள் ஏறாத கோயிலில்லை. மஞ்சள் பூசி, பால் வாத்து, நாகதம்பிரானே எண்டு விழுந்தன். அடுத்த வருசம் பேத்தி பிறந்திட்டாள். பிறகென்ன, சனத்துக்குச் சொல்லவேணுமே. நெடுங்கேணியில இருந்தும் பஸ் பிடிச்சு வரத் துவங்கீட்டுதுகள். தயாபரன் தம்பிக்கு ஒரே சந்தோசப் புழுகம். தகரக் கூரை போட்டு, சுத்திவரச் சீமெந்தும் பூசிக் குடுத்தார். பாலும் மஞ்சள் தண்ணியும் குடம் குடமாக் கட்டின்ர வயித்துக்க போச்சுது.

லாபிர் அங்க காவல். தண்ணி திறந்து விடுற துருசும் அவற்ற பொறுப்புத்தான். ஒருநாள் என்னட்டக் கேட்டார், அக்கா, இவ்வளவு பாலும் எங்க போகுது எண்டு. பாம்பு குடிக்குது எண்டன். அவர் சிரிக்கேல்லை. உள்ளுக்க பெரிய பொந்து கிடக்கும், தோண்டிக் களிமண் அடைக்கவேணும் எண்டு தயாபரனுக்குப் போனில சொன்னவர். உனக்கேன் எங்கட சாமியோட சேட்டை எண்டு அந்தப் பக்கத்தால கத்தினது, கூட்டிக்கொண்டு நிண்ட எனக்கே கேட்டுது. அண்டைக்கே ஊரெல்லாம் பரவீட்டுது. அதுக்குப் பிறகு லாபிர் புத்தடிக்குப் போறதேயில்லை. தொண்ணூறில முஸ்லிமெண்டு ஊரை விட்டுக் கலைபட்டுப் போய், எவ்வளவு காலத்துக்குப் பிறகு திரும்பி வந்து குடியிருக்கிற சனம். இன்னொருக்கால் மூட்டை கட்ட ஏலுமே?

போன வெள்ளிக்கிழமை புத்தடியில பொங்கல். சனமோ சனம். மஞ்சள் அரைச்சு அரைச்சு என்ர கை ஓய்ஞ்சுபோச்சு. பின்னேரம் மகள் வீட்டை போனால், குசினிக்குப் பின்னால பேத்தி தண்ணிக்க நிண்டு துள்ளுறாள். கட்டின்ர அடியில இருந்து வருகுது. முந்தியும் கசியிறதுதான். ஆனால் அண்டைக்கு வந்தது மஞ்சளாக் கிடந்தது. குனிஞ்சு மணந்து பாத்தன். மஞ்சள்தான் ஐயா, நான் அரைச்ச மஞ்சள். பிள்ளையின்ர பாதமெல்லாம் பூசினமாதிரி. நாகதம்பிரான் வீடு தேடி வந்திட்டார் எண்டு விமலா விழுந்து கும்பிட்டாள். நான் கட்டை அண்ணாந்து பாத்தன். மேல ஊத்தினது கீழ வருகுதெண்டால், நடுவில என்ன மிச்சம் கிடக்கு?

ஓம், அடுத்தநாள் காலமைதான் புத்து உடைஞ்சு கிடந்தது. லாபிர் பள்ளியில தொழுதுபோட்டு வந்து பாத்தவர். சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, களியை அள்ளி அள்ளிப் பொந்துக்க போட்டு மிதிச்சார். சனம் வந்து கண்டது அதைத்தான். கையெல்லாம் களி, ஆளும் சோனகர், முந்தியே தோண்டவேணும் எண்டு கேட்டவர். வேறென்ன சாட்சி வேணும்? அடிச்ச அடியில அவற்ற முகம் வீங்கிப்போச்சு. நீங்கள் கொண்டுவந்ததாலதான் உயிர் மிச்சம், அதுக்குக் கும்பிடுறன். ஆர் உடைச்சதெண்டு அவர் உங்களிட்டச் சொல்லேல்லைத்தானே? சொல்லார்.

கேளுங்கோ, மழை விடுற மாதிரி இல்லை. படகு ஓடத் தண்ணி குறையக்கூடாதெண்டு, மிச்சத் தண்ணி வழியிற வானையும் மண்மூட்டை அடுக்கி மறிச்சுக் கிடக்கு. குசினிக்குப் பின்னால இப்ப வாறது மஞ்சளில்லை, சிவப்பு. கட்டே கரைஞ்சு வருகுது. அவரிட்ட நீங்கள் வாங்கி வச்ச சாமானுக்க பெரிய இரும்புத் திறப்பொண்டு கிடக்கும், அது துருசைப் பூட்டித் திறக்கிறது. அதைக் குடுத்து அவரை விடுங்கோ, தண்ணியைத் திறந்து விடட்டும். தயாபரனோ? போன் எடுக்கிறாரில்லை. விமலாவை வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் இரு எண்டு கெஞ்சிப் பாத்தன். நாகதம்பிரான் காப்பாராம். புத்தை உடைச்சவன்ர வம்சமே விளங்காது எண்டு மண்ணள்ளித் திட்டிக்கொண்டு, பிள்ளையோட அங்கதான் இருக்கிறாள்.

எப்பிடி விடுறதெண்டோ? புத்தை உடைச்ச அலவாங்கு என்ர வீட்டு அலவாங்கு ஐயா. குத்தக் குத்த இறங்கிக்கொண்டே போச்சுது, ஒரு இடத்திலயும் முட்டேல்லை. நாகம் உள்ளுக்கதான் சுருண்டு கிடந்தது. தட்டிப் பாத்தன், வெளியில வா எண்டு கும்பிட்டன், வரேல்லை. பால் வாத்த கையாலதான் களியை அப்பினன், விடிய வந்து என்னைக் கண்ட லாபிர் மிச்சத்தை அடைச்சவர். நகத்தைப் பாருங்கோ, இன்னும் போகேல்லை.

இந்தப் பையுக்கயோ? மாத்துச் சீலை. அந்தக் கதிரையை இஞ்சால தாங்கோ, நான் இருக்கிறன். லாபிரைக் கெதியா விடுங்கோ.