முதுகில் ஒரு பெருக்கல் குறி

பாலை நான் ஒருநாளும் பொங்க விட்டதில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது, ஐயா. தீயணைப்புக்காரர்கள் என்னை மறதிக்காரி என்று சொன்னார்களாம். அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது.

டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் மைதானத்தில் காக்காய் கூட வரிசையில் நிற்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வயதாக ஆகக் காது போயிற்று, அதன் பின்னாலேயே கண்ணும். கொஞ்ச காலம் கதவு ஓரங்களில் மஞ்சள் டேப் ஒட்டிச் சமாளித்தார். பிறகு மஞ்சளும் மங்கிவிட்டது. பேச்சு மட்டும் மிச்சம், அதுவும் தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருக்கோடி வரைக்கும் போகும்.

அப்படிப்பட்டவர்களுக்கு உதவுவதுதான் என் தொழில். பயிற்சி மையம் என்னை அங்கே அனுப்பியது. படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரோரம் கயிறு கட்டினேன். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு இரண்டு. நாற்காலியை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும், கதவைப் பாதி திறந்து வைக்கக் கூடாது. பேச வேண்டியதை அவர் உள்ளங்கையில் எழுத்து எழுத்தாக எழுதுவேன். வந்திருப்பது யார் என்று தெரிய ஆளுக்கு ஒரு தொடுகை: நான் மணிக்கட்டின் உட்பக்கத்தை அழுத்துவேன், அவர் மகள் காது மடலை லேசாக இழுப்பாள்.

முதல் மாதம் என் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நான் இல்லாமல் அறையை விட்டு வரமாட்டார். "எங்க போனாலும் பின்னாடியே வர்றியே, நீ என் வாலு" என்பார். அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. நான் வேண்டுமென்றால் கழுத்தில் கிடக்கும் விசிலை எடுத்து ஊதுவார். நானும் எங்கே இருந்தாலும் ஓடி வருவேன்.

இன்னொரு குறியும் உண்டு. முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. ஆபத்து, கேள்வி கேட்காதே, குறி போட்டவர் கையைப் பிடித்துக்கொண்டு உடனே வெளியே வா என்று பொருள். இதை மையத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லிக்கொடுப்போம். தீப்பிடித்தால் எந்த அந்நியர் வந்தாலும் காப்பாற்ற முடிய வேண்டும் அல்லவா. டீச்சருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மகள் கெட்டவள் இல்லை. வேறு ஊரில் வேலை, முடிந்தபோதெல்லாம் வருவாள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு தடவை வந்தபோது, "எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு இல்லம் இருக்குக்கா. அங்க நிறைய பேருக்குக் கையில எழுதத் தெரியும். அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும். கூட்டிட்டுப் போயிடலாம்னு பாக்குறேன்" என்றாள்.

அதை டீச்சர் உள்ளங்கையில் எழுதியதே நான்தான். ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். "போலாம் வாலு. புது ஆளுங்கள அதட்டி ரொம்ப நாளாச்சு" என்று சிரித்தார்.

எனக்குப் பயமாக இருந்தது, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கை இத்தனை நாள் என் விரலை மட்டும்தான் படித்தது. அங்கே போனால் எத்தனை விரல்கள். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. என்னை அதட்டக்கூட ஆள் கிடையாது.

என் பயத்தில் கொஞ்சத்தை அவருக்கும் கொடுத்தேன். தெருவில் திருட்டு நடக்கிறது என்று எழுதினேன். தனியாக இருக்கும் முதியவர்களை யாரோ ஏமாற்றிக் கூட்டிப்போகிறார்கள் என்று எழுதினேன். அந்தக் கும்பல் நம் குறியைக் கற்றுக்கொண்டுவிட்டது, அதனால் மையத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்றும் எழுதினேன். இனிமேல் முதுகில் பெருக்கல் குறி விழுந்தால் அது நான் இல்லை, கயிற்றைப் பிடித்துக் குளியலறைக்கு ஓடுங்கள், தாழ்ப்பாள் போடுங்கள், விசில் ஊதுங்கள், கதவுக்கு அடியில் என் விரல் வரும், அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும்.

டீச்சர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "நீ வருவல்ல?" வருவேன் என்று எழுதினேன்.

சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, பழக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, சோப்பு மாற்றிக் குளித்துவிட்டு, பின்னால் போய்க் குறி போட்டேன். முதல் தடவை அவர் அப்படியே உறைந்துபோனார். பிறகு கயிற்றில் முட்டி மோதிக்கொண்டு ஓடினார். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. உள்ளேயிருந்து விசில் சத்தம், விட்டு விட்டு, மூச்சு வாங்க. நான் கையுறையைக் கழற்றிவிட்டு விரலைக் கதவடியில் நீட்டினேன். அவர் அதைத் தடவி, மணிக்கட்டு வரை இழுக்கப் பார்த்து, என் பெயரைச் சொல்லி அழுதார். "வந்துட்டியா, வாலு. யாரோ வந்தாங்கடி" என்றார். போய்விட்டார்கள் என்று எழுதி, காயத்துக்கு மருந்து போட்டேன்.

அதன் பிறகு அடிக்கடி செய்தேன். பெண்களை வெயிலில் ஓடவிட்ட டிரில் டீச்சருக்கே டிரில் கொடுத்தேன் என்று வையுங்கள். கொஞ்ச நாளில் கயிறு இல்லாமலே ஓடினார். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, உட்கார்ந்தால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். அவர் பயப்படப் பயப்பட என் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

மகள் அழைத்துப்போகும் நாளும் வந்தது. முந்தின நாள் மாலையே வந்துவிட்டாள். வழித்துணைக்குத் தேவையான தொடுகைகளைக் கேட்டுக்கேட்டுப் பழகினாள். கடைசியாக, "ஏதாவது அவசரம்னா என்னக்கா பண்றது?" என்றாள். அவள் முதுகிலேயே பெருக்கல் குறி போட்டுக் காட்டினேன். "காதை இழுத்துக்கிட்டு நிக்காத, நேரம் போயிடும். நேரா இதைப் போடு, அம்மா உன் கையப் பிடிச்சுக்குவாங்க" என்றேன். அவள் நன்றி சொன்னாள். பாவம், கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் பெட்டிகள் எல்லாம் வாசலில் இருந்தன. டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மகள் பக்கத்தில். சமையலறையில் நான் அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, கைப்பிடித் துணியின் ஒரு முனையை அதன் மேல் இழுத்துவிட்டேன். கொஞ்சம் புகை வரும் என்றுதான் கணக்கு. மகள் குறி போடுவாள், அம்மா அவளிடமிருந்து ஓடுவார், விசில் ஊதுவார், நான் வந்து விரல் நீட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். யாரை நம்பி அந்த உயிர் இருக்கிறது என்று மகள் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். "பால் தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுப்புக்கு மேலே ஜன்னல் திரை இருந்தது. அதைத் துவைத்து மாட்டியவள் நான்தான்.

தெரு முனையில் நின்றேன். ஜன்னல் வழியாகப் புகை வந்தது, நினைத்ததை விடக் கறுப்பாக. பிறகு விசில் கேட்டது. விட்டு விட்டு, மூச்சு வாங்க, நான் பழக்கியபடியே. என் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. ஆனால் மகள் இன்னும் வெளியே வரவில்லை. அவள் ஓடி வந்து, அக்கா, என்னால முடியல, நீங்க வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் வரவே இல்லை. நாற்காலியால் குளியலறைக் கதவை உடைத்துக்கொண்டிருந்தாளாம். அது எனக்கு எப்படித் தெரியும்? கையில் பால் பாக்கெட் சூடேறிக்கொண்டிருந்தது. விசில் நிற்கும்வரை நின்றேன்.

மகளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. அவள்தான் சொன்னாள்: கதவுக்கு அடியில் அம்மாவின் விரல்கள் வெளியே நீண்டு தேடினவாம். இவள் குனிந்து பிடித்தாளாம். டீச்சர் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டாராம். பெற்ற மகளின் விரல்தான், ஆனாலும் என்னுடையது இல்லை என்று அந்தப் புகையிலும் கண்டுபிடித்திருக்கிறார்.

இப்போது எனக்குப் பின்னால் யாராவது நடந்தால் முதுகு கூசுகிறது. இந்த அறையில் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொள்ள அனுமதித்ததற்கு நன்றி, ஐயா.

துணியை வைத்தது நான். குறியைக் கெடுத்தது நான். விசில் கேட்டும் நின்றது நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மறதி என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த வீட்டில் நான் எதையும் மறந்ததில்லை. டீச்சரும் நான் சொல்லிக்கொடுத்த எதையும் மறக்கவில்லை. ஒருவரை ஒருவர் அப்படி நம்பினோம்.